கோயில் கூட்டும் ஊர்

தமிழகச் சிற்றூரில் ஊர் முந்தியது. திருவிழா அதன் பின்னே வருவது. தேர்வடம் பிடிப்பவர் யார், முதல் மரியாதை எவருக்கு என்பன போன்றவை பெரும்பாலும் பிறப்பினாலேயே முடிவாகிவிடும். பூன் லே போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டையிலோ இவ்வரிசை தலைகீழாகிறது. திருவிழாக் காலத்தில் இம்மாற்றத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

1961இல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கிய பின்னரே இம்மேற்குப் பகுதி பெருங்குடியிருப்பாக வளர்ந்தது. 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்சவரம்பு வகுத்தது. பல இனத்தவரும் அண்டை வீட்டாராய் வாழ்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன் பயனாக, தமிழர் தெரு என ஒன்று இங்கே உருவாக இடமில்லாது போயிற்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைக் கடந்த சிங்கப்பூர்வாசிகளுள் இந்துக்கள் 5 விழுக்காட்டினரே.

ஆகவே பூன் லேவாசி, தம் சமயத்தார் கூட்டத்தைக் காண ரயிலேற வேண்டியிருக்கிறது. ஜூரோங் ஈஸ்ட் அருள்மிகு முருகன் ஆலயத்திலோ, சிராங்கூன் சாலை ஆலயங்களிலோதான் அவருக்கு 'ஊரார்' வாய்க்கின்றனர். அன்னதானத்திற்குக் காய் நறுக்குவோரும் வரிசையை ஒழுங்குபடுத்துவோரும் வெவ்வேறு பேட்டைகளிலிருந்து வந்து தொண்டால் உறவானவர்கள்.

மக்கள் கூடி வழிபடுகையில் சமூகம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம் 1912இல் எழுதினார். ஆனால் அவர் ஆராய்ந்த பழங்குடியினருக்குக் குலக்கட்டு முன்பே இருந்தது. நமக்கோ கூடுதலே கட்டாகிறது. ஊரெல்லைக் காவல் தெய்வமான முனீஸ்வரர் சிங்கப்பூரில் பெற்ற மாற்றங்களைச் சமூகவியலாளர் வினிதா சின்ஹா 2005இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்துள்ளார். எல்லையில்லா நகரிலும் அத்தெய்வத்தை நாடி மக்கள் கூடுகின்றனர் என்பது கருதத்தக்கது.

இதற்குச் சான்று பெருந்தொற்றுக் காலத்தில் கிடைத்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளின் தைப்பூசத்தில் நடை ஊர்வலமும் காவடியும் இல்லை. முன்பதிவு செய்தோர் மட்டுமே டேங்க் ரோடு ஆலயத்தில் வழிபட்டனர். நேர்த்திக்கடன் நிறைவேறிற்று, உடன் நடக்கும் உறவுதான் இல்லை. 2023இல் பெருமாள் ஆலயத்திலிருந்து ஊர்வலம் மீண்டும் புறப்பட்டபோது திரும்பி வந்தது பக்தி அன்று. அது எங்கும் போகவில்லை. திரும்பியது ஊர்.

விருப்பத்தால் அமைந்த ஊருக்கு ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. பிறப்பு பார்த்து வாயிலடைக்க வேண்டிய தேவை அதற்கில்லை, இது நன்மை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாய்க் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கலையும். இஃது ஆபத்து.

மேலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஜூரோங் வட்டாரத்து விடுதிகளில் தங்கிக் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைக்கும் தமிழக இளைஞரும் இவ்வூரார்தாமே? தைப்பூசம் 1968 வரை பொது விடுமுறை. இன்று விடுப்பு கிடைத்தால்தான் அவர் வர முடியும். வந்தால் பந்தியில் அமர்த்துகிறோம். அது நம் மரபு. தொண்டர் பட்டியலிலும் விழாக் குழுவின் ஆலோசனையிலும் அவருக்கு இடமளிக்கிறோமா? கோயில் கூட்டும் ஊரின் எல்லை எதுவென்பதை அவ்விடையே காட்டும்.