காத்திருந்தது போதும்!

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளையும் ராமாநுஜரையும் சேவித்துவிட்டு, அத்தையும் நானும் என் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரகடம் சாலையில் டயர் பஞ்சர்!

நல்லவேளை, அருகிலேயே ஒரு பட்டறை. பையன் ரப்பர் குழாய் மாட்டிய துப்பாக்கி போன்ற ஒன்றைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினான். 'டர்ர்ர்' என்று நட்டுகள் கழன்றன.

"ஏண்டா, இது கரண்டிலா ஓடறது?"

"இல்லை அத்தை, காத்துலே."

"நட்டைச் சுத்தற காத்து காரை ஓட்டாதோ? காத்துக் கார் வரப்போறதுன்னு யாரோ செல்போனில் அனுப்பினதை நம்பி, உன் அத்திம்பேர் ரெண்டு வருஷமா வண்டி வாங்கறதைத் தள்ளிப் போடறார். முழங்கால் வலியோட நான் பஸ் ஏறி இறங்கறேன்!"

அத்தை கேட்டதில் தவறில்லை. கலத்தில் அடைத்த காற்றைத் திறந்துவிட்டால் அது பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் சுழலும். புகையே கிடையாது. 1879-லேயே பிரான்ஸில் நாந்த் நகரத்தில் இப்படி டிராம் வண்டிகள் ஓடின. 2007-ல் டாடா மோட்டார்ஸ், கி நெக்ர் என்ற பிரெஞ்சு எஞ்சினீயரின் எம்.டி.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டு வண்டிகளில் பரீட்சை முடிந்ததென்று 2012-ல் அறிவித்தது. ஆனாலும் அந்தக் கார் கடைக்கு வரவில்லை.

காரணம்? சைக்கிளுக்குக் காற்றடித்துப் பாருங்கள், பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அடைக்கச் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி இப்படி உஷ்ணமாகவே போய்விடுகிறது. வெளியே வரும்போதோ காற்று ஜில்லிட்டு வலுவிழக்கிறது. 300 லிட்டர் கலத்தில் 300 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தாலும், கணக்குப்படி அதிலுள்ள சக்தி சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோலில் இருப்பதுதான்!

பட்டறையில் அதனால் கஷ்டமில்லை. மூலையில் கம்ப்ரஸர் உட்கார்ந்துகொண்டு, தீரத் தீரக் காற்றை அடைத்துக் கொடுக்கிறது. கார் அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போக முடியுமா?

"அப்போ காத்து இலவசம் இல்லையா?" என்றாள் அத்தை.

"காத்து இலவசம்தான் அத்தை. அதை அடைக்கிற கூலிதான் ஜாஸ்தி."

பையன் கடைசி நட்டை முடுக்கினான். அத்தை செல்போனை எடுத்தாள்.

"ஏன்னா, நாளைக்கே கடைக்குப் போய் வண்டி பார்க்கறோம். காத்துக்காகக் காத்திருந்தது போதும்!"