உயிர்காக்கும் நீச்சலும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சென்ற வருஷம் சித்திரையில் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் என் மகள் ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினாள். லேக் கரையிலுள்ள நீச்சல் சங்கம் ஒன்றில் உயிர்காப்புப் பயிற்சி தருகிறார்களாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவளுக்கு அப்போது 15 முடிந்து 16 நடந்துகொண்டிருந்தது. ஆறு வயதிலிருந்து நீந்துகிறவள், ஆகவே நீச்சல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அந்தத் தாளில் இருந்த 'லைஃப் கார்டு' என்ற சொல்தான் வீட்டைக் கலக்கிவிட்டது.

என் தாயார் ஜாதகத்தில் ஆரம்பித்தார். "தண்ணியிலே கண்டம்னு ஜோஸ்யர் சொன்னது மறந்துபோச்சாடா?" என்றார். மனைவிக்குப் பதினொன்றாம் வகுப்பும் ட்யூஷனும் கவலை. சென்னையிலிருந்து மைத்துனர் தொலைபேசியில், "பீச்சுல விசில் ஊதற வேலைக்கா பொண்ணைத் தயார் பண்றேள்?" என்று சிரித்தார். நீச்சல் உடையில் ஆண் பிள்ளைகளோடு பயிற்சியா என்று கேட்ட உறவினரும் உண்டு. நான் எதுவும் சொல்லாமல் தாளை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வாரமும் என் மனத்தில் இருந்தது லேக் அல்ல, பூரி.

கல்கத்தாவில் வாழும் நம்மவர்களில் பூரிக்குப் போகாத குடும்பம் இருக்குமா? 1996 டிசம்பரில் நாங்கள் நான்கு குடும்பங்களாகப் போனோம். தரிசனம் முடித்து, மறுநாள் காலை கடலில் குளியல். எங்கள் கூட்டத்தில் 11 வயதுப் பையன் ஒருவன், கொஞ்சம் துடுக்கு. இடுப்பளவு நீரில் துள்ளிக்கொண்டிருந்தவன் சற்று நேரத்தில் கழுத்தளவு நீருக்குப் போயிருந்தான். அவன் கத்தவில்லை. கையை உயர்த்தி ஆட்டவும் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, இரு கைகளாலும் தண்ணீரைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு நின்றாற்போல் இருந்தான். விளையாடுகிறான் என்றே நினைத்தோம். நான் எல்லாருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாகக் கரையில் நின்று அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கூம்புத் தொப்பி வைத்த நுலியா ஒருவர், வேறொரு வங்காளிக் குடும்பத்து மாமியின் கையைப் பிடித்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், அந்த மாமியை அப்படியே கரைப்பக்கம் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். பையனைப் பின்புறமிருந்து பிடித்து, அலையோடு சண்டை போடாமல் பக்கவாட்டில் போய், தூரத்தில் ஓரிடத்தில் கரையேறினார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், பிழைத்தான். நுலியா எங்களைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ திட்டினார். நான் கொடுத்த 50 ரூபாயை எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு அந்த மாமியிடமே திரும்பிப் போய்விட்டார். அவர் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு என் மகளின் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் அன்று நான் கண்டது என்ன என்று புரிந்தது. ஃப்ராங்க் பியா என்ற அமெரிக்கர், நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பவராக இருந்தவர், இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கூச்சலிட மாட்டான். வாய் நீருக்கு மேலே வரும் கண நேரத்தில் மூச்சை இழுக்கவே பொழுது போதாது, கத்துவது எப்படி? கைகள் தாமாகவே நீரை அழுத்தும், ஆட்ட முடியாது. இந்த நிலை 20 முதல் 60 வினாடி வரைதான், பிறகு தலை உள்ளே போய்விடும். ஒரு குமுட்டியில் பால் பொங்குகிற நேரம்கூட இல்லை.

என் மகளின் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால்தான் 'விசில் ஊதற வேலை' என்பவர்களுக்கு விளங்கும். காலை ஐந்தரைக்குப் போனால் ஏழேகால் வரை. கைகளை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கால்களால் மட்டுமே மிதக்க வேண்டும். அடியில் போட்ட கனத்தை முழுகி எடுத்து மார்போடு அணைத்து நீந்தி வர வேண்டும். சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு நீந்த வேண்டும், ஏனென்றால் விபத்து நேரும்போது யாரும் நீச்சல் உடையில் இருக்கப்போவதில்லை. இன்னொரு பிள்ளையை இழுத்துக்கொண்டு கரை சேர வேண்டும். இழுக்கப்படுகிறவன் வேண்டுமென்றே கழுத்தைக் கட்டிக்கொள்வான். அப்போது மேலே திமிறாமல் தானே நீருக்குள் அமிழ வேண்டுமாம். மூழ்குகிறவன் நீருக்குக் கீழே வர விரும்ப மாட்டான், பிடியை விட்டுவிடுவான். எனக்குக் கேட்கும்போதே மூச்சு முட்டியது.

ஆனால் அவர்களுடைய பயிற்சியாளர் (பிள்ளைகள் எல்லாரும் இங்குள்ள வழக்கப்படி பெயரோடு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்) முதல் பதினைந்து நாள் யாரையும் தண்ணீரிலேயே இறக்கவில்லை. குதிக்காமல் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் முதல் பாடம். முதலில் குரல் கொடு. பிறகு கழி, துப்பட்டா, எதையாவது நீட்டு. நீட்டும்போது நீ படுத்துக்கொள், இல்லையேல் உன்னையும் இழுத்துவிடும். எட்டாவிட்டால் கயிறு வீசு. படகு இருந்தால் படகு. நீந்திப் போவது கடைசி. அதற்காக எங்கள் மொட்டை மாடியில் தினமும் கொடிக்கயிறும் காலி எண்ணெய் கேனுமாக ஒரே அமர்க்களம். கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வீசினால்தான் நேராகப் போகுமாம். வெறும் கேனைக் காற்று தள்ளிவிடும். கீழ் வீட்டு முகர்ஜி பாபுவின் டாலியாத் தொட்டி ஒன்று இதில் பலியானது.

குதிக்காமலிருக்கக் கற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் 2022ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை நீரில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கியதாகச் செய்திகள் வந்தன. அன்புதான் இறக்கியது, வேறென்ன? கையில் ஒரு கயிறு இருந்திருந்தால், அதை வீசத் தெரிந்தவள் ஒருத்தி இருந்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. அதற்கு 15 நாள் முன்பு, மே 21 அன்று, நம் லேக்கிலேயே, நாம் மாலையில் நடக்கப் போகும் அதே ரவீந்திர சரோவரில், பள்ளி மாணவர்கள் படகோட்டப் பயிற்சியில் இருந்தபோது கால்வைசாகிக் காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது. இரண்டு சிறுவர்கள் போய்விட்டார்கள். அப்போது கூடவே செல்லும் மீட்புப் படகு இல்லை. அதன்பின் சில காலம் அங்கே படகோட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. நாடு முழுவதும் கணக்கெடுத்தால் வருஷத்துக்கு 30,000 பேருக்குமேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். சுந்தரவனத்துப் பக்கம், வீட்டை ஒட்டிய குளத்தில், தாய் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் போகும் குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

நீச்சல் வீரர்களைக் கொண்டாடுவதில் இந்த ஊருக்கு ஈடில்லை, நமக்கும் அதில் குறைவில்லை. 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த மிஹிர் சென்னும், மறு வருஷம் கடந்த ஆரத்தி சாஹாவும் இங்கே வீட்டுப் பெயர்கள். 1966இல் மிஹிர் சென் பாக் நீரிணையை நீந்தி தனுஷ்கோடியில் கரையேறினார். அதே நீரிணையை 1994இல் நம் குற்றாலீஸ்வரன் சிறுவனாக நீந்திக் கடந்ததும், ஒரே வருஷத்தில் ஆறு நீர்வழிகளைக் கடந்து மிஹிர் சென்னின் ஐந்தை மிஞ்சியதும் இங்கே நம் வீடுகளில் பேசாத நாளில்லை. ஆனால் மற்றவனை இழுத்துக்கொண்டு 30 கஜம் நீந்தியவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கூலிக்காரன்'. என் மைத்துனர் சிரித்ததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996இல் நானும் அந்த 50 ரூபாயோடு கணக்கைத் தீர்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வயதைப் பற்றிய ஆட்சேபணைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் ப்ரான்ஸ் மெடாலியன் தேர்வுக்கு 15 வயதானால் போதும்; 400 மீட்டரை ஒன்பது நிமிஷத்துக்குள் நீந்த வேண்டும். நம் நாட்டிலும் பூனாவில் ராஷ்ட்ரீய லைஃப் சேவிங் சொஸைட்டி இருக்கிறது. கோவாவில் நீர் விளையாட்டுகளுக்கான தேசிய நிறுவனம் பயிற்சி தருகிறது. இங்கேயே லேக்கில், முன்பு ஆண்டர்சன் கிளப் என்றிருந்த இந்தியன் லைஃப் சேவிங் சொஸைட்டி இருக்கிறது. சம்பளத்துக்கு நிற்பதற்கு 18 ஆகட்டும். உடம்பு வளைகிற, சொன்னது பதிகிற வயது 15, 16தான். அந்த வயதில் கற்பது நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும்கூட. வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது என்று நாம் செய்வதெல்லாம் வீண் வேலை, பொன்னான நிமிஷங்களைத் தின்பவை என்று என் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூழ்கியவனுக்குக் குறைவது மூச்சுக் காற்று. ஆகவே முதலில் ஊத வேண்டும், பிறகு நெஞ்சை 30 தடவை அழுத்தி இரண்டு ஊதல், இப்படியே ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை. ட்யூஷனில் இதைக் கற்றுத்தருவார்களா?

இவ்வளவும் சொன்னபின், என் தாயாரின் பயத்தை நான் ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஜாதகத்தை நம்பவில்லை. ஆனால் வேறொரு கண்டம் இருப்பதைச் சென்ற பிப்ரவரியில் கண்டேன்.

பாருய்ப்பூர் பக்கம் ஒரு பாகான்பாரியில் நாங்கள் பிக்னிக் போயிருந்தோம். படித்துறையோடு பச்சைத் தண்ணீர்க் குளம். "லைஃப் கார்டு இருக்காளே, நமக்கென்ன கவலை!" என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். வேடிக்கை பத்து நிமிஷத்தில் ஏற்பாடாகிவிட்டது. ஏழு குழந்தைகள் குளத்தில். பெரியவர்கள் எல்லாரும் மரத்தடியில் தம்போலா. நானும் தம்போலாவில்தான் இருந்தேன். இரண்டு மணி நேரம் அவள் படித்துறையில் வெயிலில் நின்றிருக்கிறாள். சாப்பிட வரவில்லை. கூப்பிட்டதற்கு "அப்புறம்" என்றாள், நாங்களும் விட்டுவிட்டோம். பிசிபேளாபாத் தீர்ந்துபோனதுதான் எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு பத்து மணிக்கு வெளியே வந்து, "ஏழு பேருப்பா. ஒரு நிமிஷம் ஆறு தலைதான் இருந்தது" என்றாள். ஒரு குழந்தை படிக்குப் பின்னால் உட்கார்ந்து மண் தோண்டிக்கொண்டிருந்ததாம். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு மட்டும் தெரியும். நாங்கள் மரத்தடியில் 'ஃபுல் ஹவுஸ்' என்று கத்திக்கொண்டிருந்தோம்.

பதினாறு வயதுப் பெண் தூக்குகிற பாரமா இது? நீச்சல் சங்கத்தில் அவளை ஒருபோதும் தனியாக நிறுத்துவதில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும், ஏனென்றால் கண் அதற்குமேல் தண்ணீரைப் பார்த்தாலும் பார்க்காது. இதையெல்லாம் அவள் எங்களிடம் பல தடவை சொன்னவள்தான். பயிற்சிக்கு அனுப்ப மறுத்தவர்களும் நாம்தான், அனுப்பியதும் அவள் தலையில் ஏழு உயிரை ஏற்றிவிட்டுச் சீட்டு விளையாடப் போனவர்களும் நாம்தான். இரண்டில் இரண்டாவதே எனக்கு அதிகம் உறுத்துகிறது.

ஆகவே சங்கத்துக்கும் அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது. விருப்பமுள்ள பிள்ளைகளை, பெண்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன், இந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். சீசன் ஏப்ரலில் தொடங்கிக் குளிர் வந்தால் மூடிவிடும். வருகிற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்தில், பாட்டுக் கச்சேரிக்குப் பதிலாக, பெரியவர்களுக்கு நெஞ்சழுத்தமும் கயிறு வீசுவதும் கற்றுத்தர ஏற்பாடு செய்யலாம். பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டேன், பொம்மையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தமிழ் வராது, என் மகள் மொழிபெயர்ப்பாள். கச்சேரிக் குழுவினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த பிக்னிக்கில் தண்ணீர் இருக்குமானால், கரையில் பெரியவர்கள் இருவர், அரை மணிக்கு ஒருமுறை மாறுகிறாற்போல், தம்போலாச் சீட்டு வாங்காமல் உட்கார வேண்டும். என் பெண் சாப்பிட்டுவிட்டு, வேண்டுமானால் மூன்றாவதாக வந்து உட்காரட்டும். கயிறும் கேனும் நான் கொண்டுவருகிறேன். முதல் அரை மணிக்கு என் பெயரைக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். கூட உட்கார இன்னும் ஒருவர் வேண்டும்.