கொக்கியில் தொங்கும் கௌரவம்

சென்ற ஆண்டு ஒரு சிறு நகரில் நடந்த கவிதைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அழைப்பிதழ் முழுவதும் தமிழில் இருந்தது. தலைப்பில் மட்டும், அலங்காரத்துக்காக, 'போயட்ஸ் மீட்' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். அவற்றில் அபாஸ்ட்ரஃபி இல்லை. கூட்டம் முடிந்து தேநீர்க்கடைக்கு வந்து சேர்ந்தவர்கள் அந்த இல்லாத குறியைப் பற்றியே பேசினார்கள். எஸ்ஸுக்கு முன்னால் வரவேண்டும் என்றார் ஒருவர். பின்னால்தான் வரவேண்டும் என்றார் இன்னொருவர். "தெரியாத மொழியில் எதற்கு அச்சடிக்க வேண்டும்?" என்று சிரித்தார் மூன்றாமவர். முக்கால் மணி நேரம் ஓடிற்று. அழைப்பிதழை அச்சடித்தவரும், வறண்ட கண்மாயைப் பற்றி மூன்று கவிதைகள் வாசித்தவருமான இளைஞர் கையில் தேநீரோடு எதிரே நின்றிருந்தார். அவருடைய கவிதைகளைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்துக்கு எதிராகவே இதை எழுதுகிறோம்.

வழக்கை அது பிறந்த மண்ணிலேயே வைத்து முதலில் விசாரிப்போம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஓர் ஊர். பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஜான் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2001இல் அங்கே அபாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 2003இல் லின் ட்ரஸ் நிறுத்தக்குறிகளைப் பற்றி எழுதிய 'ஈட்ஸ், ஷூட்ஸ் அண்ட் லீவ்ஸ்' நூல் லட்சக்கணக்கில் விற்றது. பிழைகளை அறவே பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்பது அதன் துணைத்தலைப்பு. அந்தத் துணைத்தலைப்பிலேயே இருக்கவேண்டிய சிறுகோடு ஒன்று இல்லை. 2004இல் லூயி மெனாண்ட் 'நியூயார்க்கர்' இதழில் அந்நூலின் குறிப்பிழைகளை வரிசையாக எடுத்துக்காட்டினார். பிறர் பிழையைத் திருத்தி எழுதும் எழுத்தில் கட்டாயம் ஒரு பிழை இருக்கும் என்ற விதிக்கு 'மஃப்ரி விதி' என்று பெயர். 1992இல் அதை வேடிக்கையாக வகுத்தவர் ஜான் பாங்சண்ட் என்ற ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர். 2019இல், தமது 96ஆம் வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று கூறி ரிச்சர்ட்ஸ் சங்கத்தை மூடினார். 2021இல் அவர் மறைந்தார். 2022இல் வேறு சிலர் சங்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

ரிச்சர்ட்ஸின் பற்றை நாம் மதிக்கிறோம். கடைக்காரர்களுக்குப் பணிவாகக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்ன மனிதர் அவர். ஆனால் அறியாமை என்ற அந்தச் சொல் நமக்கு உடன்பாடில்லை.

அபாஸ்ட்ரஃபி ஆங்கிலத்தோடு பிறந்தது அன்று. விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவதற்காக, 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுக்கூடங்களின் வழியே வந்து சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு 'எஸ்' என்ற அசை முழுதாக ஒலித்து ஆறாம் வேற்றுமை உருபாக நின்றது. அதன் உயிரொலி தேய்ந்து மறைந்த இடத்தில், பிற்காலத்தில், இந்தக் கொக்கியை மாட்டினார்கள். உடைமைப் பொருளுக்கு இது கட்டாயம் என்ற ஒழுங்கு நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 1623இல் வெளியான ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோவின் முகப்பைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் என்று பொருள்படும் அத்தலைப்பில் அவர் பெயருக்கு அபாஸ்ட்ரஃபி கிடையாது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்திலோ, 'அதனுடைய' என்று பொருள்பட வேண்டிய இடத்தில் 'இட்ஸ்' என்ற சொல் அபாஸ்ட்ரஃபியோடு நிற்கிறது. இன்றைய ஆசிரியர் இரண்டுக்கும் சிவப்பு மையால் வட்டம் போடுவார்.

விதியும் அவ்வளவு சீரானதன்று. பெயர்ச்சொல்லின் உடைமைக்குக் குறி உண்டு. 'இட்ஸ்', 'ஹெர்ஸ்', 'தேர்ஸ்' ஆகிய பிரதிப்பெயர்களுக்கு இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடிலி தடத்தில் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு. அடுத்து வரும் பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற புகழ்பெற்ற புத்தகக் கடை 2012இல் தன் பெயரிலிருந்த குறியைக் கழற்றி வைத்தது. அதற்குப் பிறகும் அங்கே புத்தகங்கள் விற்கத்தான் செய்கின்றன.

பன்மைக்குத் தவறாகக் குறி போடுவதை ஆங்கிலேயர்கள் 'காய்கறிக்கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி' என்கிறார்கள். அந்தப் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். பிழைக்குத் தொழிலின் பெயர், அதுவும் எளிய மனிதரின் தொழிலின் பெயர். உயிரெழுத்தில் முடியும் அயற்சொற்களுக்குப் பன்மையில் இக்குறி போடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்களின் அச்சுப் பக்கங்களிலேயே இருந்தது. படித்தவர் செய்தபோது வழக்காக இருந்தது, உருளைக்கிழங்கு விற்பவர் கரும்பலகையில் செய்தால் அறியாமையாகிவிடுகிறது.

எனில் குறியை எடுத்து எறிந்துவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. 2020இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வீட்டுமனைத் தரகர் ஒருவர் தம் பழைய முதலாளியைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினார். ஊழியரின் ஓய்வூதியப் பங்கைக் கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. அபாஸ்ட்ரஃபி விடுபட்டதால், ஓர் ஊழியருக்கா எல்லா ஊழியர்களுக்குமா என்ற கேள்வி எழுந்தது. அவதூறு வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்துவிட்டார். பொருள் திரிகிற இடத்தில் குறி வேண்டும். அதைக் கற்பிக்கவும் வேண்டும்.

குறியை ஒழிக்க நினைத்தவர்களையும் நாம் ஆதரிக்கவில்லை. 2009இல் பர்மிங்காம் நகரமன்றம் தெருப்பலகைகளில் இக்குறி இனி இல்லை என்றது. 2013இல் மிட் டெவன் மன்றம் அதே வழியில் போக முயன்று, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. 2014இல் கேம்பிரிட்ஜும் அவ்வாறே குறியை நீக்கித் திரும்பப் பெற்றது. 2024இல் வடக்கு யார்க்‌ஷயர் மன்றம் கணினித் தரவுத்தளத்தின் வசதியைக் காரணம் காட்டியது. மொழியை இயந்திரத்தின் வாய்க்கேற்ப வெட்டுவது, மொழியை வைத்து மனிதனை வெட்டுவதற்குச் சற்றும் குறைந்த குற்றமன்று.

கற்பிப்பது வேறு, எள்ளுவது வேறு. நம் சண்டை எள்ளலோடுதான்.

மேலும், அபாஸ்ட்ரஃபி இலக்கணமே அன்று, எழுதும் முறை. 'அது' என்பதன் உடைமையும் 'அது இருக்கிறது' என்பதன் சுருக்கமும் பேச்சில் ஒரே 'இட்ஸ்'தான். கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. தமிழ் படித்த நமக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே விதித்திருந்தும், நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. ஆயினும் உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஏடெழுதியவரை எள்ளிக்கொண்டிராமல் பாடத்தைத் தேடினார்கள். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன.

நம் இலக்கண மரபு மொழியை வழாநிலை, வழு என்று இரண்டோடு நிறுத்தவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதாக ஓர் இடமும் வைத்தது. அன்பு மிகுந்து பசுவை அம்மை என்று உயர்திணையாகப் பேசினால், அது வழுவென்று தெரிந்தும் காரணம் பற்றி ஏற்றுக்கொண்டது. சொன்னவன் மனத்தைப் பார்த்து அவன் சொல்லைத் தீர்ப்பிடும் பக்குவம் அது. அந்த மரபில் முதுகலை வரை படித்தவர்களே அயல்மொழிக் குறியொன்றுக்காகக் காவல்காரராக மாறிவிடுவதுதான் வெட்கக்கேடு.

ஏன் மாறுகிறோம்? விடை எல்லோருக்கும் தெரியும். சுவரொட்டியில் ஒற்றுப்பிழை மலிந்திருந்தால் இங்கே எவருக்கும் முகம் சிவப்பதில்லை. 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று நாமும் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். ஆனால் அந்த வாதத்தில் தோற்றவர் வேலையையோ தன்மதிப்பையோ இழப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு கொக்கி தவறினால் தவறியவரின் பள்ளி, ஊர், பெற்றோரின் தொழில் அனைத்தும் விசாரணைக்கு வந்துவிடுகின்றன. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் கேள்வி கேட்காமல் பின்வரிசையில் அமர்ந்திருப்பதை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். அவர்களிடம் கேள்விகள் இல்லாமல் இல்லை. கேட்கும்போது சிரிப்பார்களே என்ற அச்சம்தான் அவர்கள் வாயை அடைக்கிறது.

மறுபடி அந்த அழைப்பிதழுக்கு வருவோம். வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தபோதுதான் உறைத்தது. கவிஞர்கள் என்ற சொல்லை வெறும் அடைமொழியாகக் கொண்டால் அங்கே அபாஸ்ட்ரஃபி வேண்டியதில்லை. 'கவிஞர்கள் சந்திக்கிறார்கள்' என்ற முழு வாக்கியமாகக் கொண்டாலும் வேண்டியதில்லை. அதாவது அந்த இளைஞர் அச்சடித்ததில் பிழையே கிடையாது. முன்னால் என்றவரும் பின்னால் என்றவரும் அதைப் பிழை என்று சாதித்ததுதான் தவறு. சிரித்த மூன்றாமவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது நாமே.

அவருக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. அதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறோம். முதல் கவிதையும் மூன்றாவது கவிதையும் நன்றாக இருந்தன. இரண்டாவது, கடைசி வரியில் அவசரப்பட்டு முடிந்துவிடுகிறது. அன்று தேநீர்க்கடையில் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.