நட்சத்திரத்தைச் செய்தவர் யார்?

1972-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு புது அவதாரம் கிளம்பிற்று. டேவிட் போவி என்ற பாடகர் தலைமயிருக்குச் சிவப்புச் சாயமேற்றி, முகத்தில் வர்ணம் பூசி, பளபளக்கும் உடுப்பு மாட்டி, "ஜிக்கி ஸ்டார்டஸ்ட்" என்ற பெயரில் நட்சத்திர லோகத்துத் தூதன் போல மேடையேறினார். ஆண்கள் இப்படி மினுக்கிக்கொண்டு மின்சாரக் கிதார் முழக்கத்தோடு பாடுவதற்குத்தான் "கிளாம் ராக்" என்று பெயர். வேஷம் கட்டினவர் அது வேஷமென்பதை ஒளிக்கவில்லை. ஆனால், பத்திரிகைக்காரர்களும் பக்தர்களும் விட்டார்களா? "பிறவி மேதை", "வானம் தந்த வரம்" என்று ஆரம்பித்த பஜனை 2016-ல் அவர் இறந்த பிறகும் ஓயவில்லை.

தோழர்களே! அந்த வரத்தைக் காதில் விழும் சங்கீதமாக ஆக்கிய கை யாருடையது என்றுதான் நாம் கேட்கிறோம்.

அவர் பெயர் மிக் ரான்சன். 1946-ல் ஹல் என்னும் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தவர். சிறு வயதில் பியானோவும் வயலினும் கற்றவர். பல கோஷ்டிகளில் கிதார் வாசித்தும் பிழைப்பு நடக்காமல் நகரசபைத் தோட்ட வேலைக்குப் போனார். 1970 தொடக்கத்தில் போவியிடம் டிரம் வாசித்த ஜான் கேம்பிரிட்ஜ் அவரைத் தேடி வந்தபோது, ரக்பி மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எந்த லோகத்திலிருந்தும் இறங்கினவரல்ல. கூலி வேலையிலிருந்து எழுந்து வந்தவர்.

1971-ல் வந்த "லைஃப் ஆன் மார்ஸ்?" என்ற பாட்டில் வயலின்களெல்லாம் சேர்ந்து அலைபோல் எழும்புகின்றனவே, அவற்றுக்கு ஸ்வரம் எழுதியவர் இந்தத் தோட்டக்காரரே. கிதார் சங்கதியும் அப்படித்தான். "வா-வா" என்று காலால் மிதிக்கும் கருவி ஒன்றுண்டு. மற்றவர்கள் அதை மேலும் கீழும் மிதித்து ஊளையிடச் செய்வார்கள். இவர் அதை நடுவழியில் நிறுத்திவைத்து, மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரலைக் கம்பியிலிருந்து வாங்கினார். இது வரமா, வேலையா? 1972-ல் லூ ரீட் என்ற அமெரிக்கருடைய "டிரான்ஸ்ஃபார்மர்" இசைத்தட்டைப் போவியோடு சேர்ந்து தயாரித்தவரும் இவரே. (இவருடைய ஹல் பேச்சு அமெரிக்கருக்குப் புரியவேயில்லையாம்! வாசிப்பு புரிந்தது, அது போதும்.)

நிற்க, கிடைத்த பங்கு என்ன? ஜிக்கி இசைத்தட்டில் ஒரு பாட்டுக்காவது ஆசிரியர் என்று ரான்சன் பெயர் கிடையாது. வாத்தியங்களை ஒழுங்கு செய்தவர் என்று பெயர் போட்டதோடு சரி. சொல்லும் மெட்டும் கட்டினவருக்கே பாட்டு சொத்து. அதற்கு எலும்பும் சதையும் வைத்தவர் வாரக் கூலியோடு போகவேண்டியவர்! "கூலிதான் கொடுத்தாயிற்றே" என்பார்கள். கூலி அந்த வாரத்தோடு தீர்ந்தது. பாட்டு ஐம்பது வருஷமாய்ச் சம்பாதிக்கிறதே, அதற்கு என்ன பதில்?

1973 ஜூலை 3-ந் தேதி லண்டன் ஹாமர்ஸ்மித் கொட்டகையில், "இதுவே கடைசிக் கச்சேரி" என்று போவி மேடையில் நின்றபடி அறிவித்தார். கூட வாசித்துக்கொண்டிருந்த டிரம்காரருக்கும் பாஸ் கிதார்காரருக்கும் அந்தச் செய்தி ஜனங்களோடு சேர்ந்துதான் தெரிந்தது. ரான்சனுக்கு முன்பே தெரியும். அதை நாம் மறைக்கவில்லை.

"அவர் அவ்வளவு கெட்டிக்காரரானால் தனியாய் நின்று ஏன் ஜெயிக்கவில்லை?" என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். 1974-ல் அவர் சொந்தப் பெயரில் போட்ட தட்டு இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்தது. பிறகு முன்னால் நிற்கிற உத்தியோகமே வேண்டாமென்று பிறர் பாட்டுக்கு உழைக்கப் போய்விட்டார். முன்னால் நிற்பவனே பெரியவன் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? 1982-ல் ஜான் மெல்லன்காம்ப் தேறாதென்று ஒதுக்கிய "ஜாக் அண்ட் டயான்" பாட்டுக்குக் கூட்டுக் குரல் வைக்கச் சொல்லி உயிர் கொடுத்தவர் ரான்சன். அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. மெல்லன்காம்ப் இதைத் தாமே பகிரங்கமாய்ச் சொன்னார். அது யோக்கியமான காரியம். ஆனாலும், பாட்டுக்கு ஆசிரியர் அவர் ஒருவர்தான்.

1992-ல் ஈரலில் புற்றுநோயோடு மாரிஸ்ஸி என்ற பாடகருக்கு ஒரு தட்டு தயாரித்துக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 29-ந் தேதி, 46-வது வயதில் இறந்தார். ஹல் நகரத்தார் அவர் பெயரால் திறந்தவெளி மேடை கட்டினார்கள். "வானம் தந்த வரம்" என்று எழுதுகிறவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிரகப் பாட்டை ஒருமுறை போட்டு, வயலின் எழும்புகிற இடத்தில் காதை வைத்துப் பார்க்கட்டும்.