அட்டைன்னா அவ்வளவு அலட்சியமா?

"என்னடா, ஆறாங்கிளாஸ் ப்ராஜெக்டா?"

நாலு ஞாயிற்றுக்கிழமை குனிஞ்ச தலை நிமிராம அட்டையில ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டி முடிச்சவனைப் பார்த்து கேக்கற கேள்வியாங்க இது? கேட்டவன் என் பெஞ்சுல உட்கார்ற பய, அதனால விட்டுட்டேன். ஆனா மாடல் ரயில் விஷயத்துல கரை கண்ட ஒரு அண்ணன் இருக்கார். அவரும் போட்டோவைப் பார்த்துட்டு, "அட்டையெல்லாம் கை பழகறதுக்குத்தான் தம்பி. வேலைக்குப் போனதும் நல்ல கிட் ஒண்ணு வெளிநாட்டுல இருந்து வரவழைச்சுக்கோ"ன்னு ரொம்ப அன்பா சொன்னார். அவருக்குத்தான் இந்தப் பதிவு.

அண்ணே, காசு இருக்குன்னே வெச்சுக்குவோம். எதை வாங்கறது? எச்.ஓ. அளவுல (நிஜத்துல 87-ல ஒரு பங்கு) ஃபாலர், வோல்மர்னு ஜெர்மன் கிட்டுங்க இருக்கு. வேலைப்பாடு அற்புதம், மறுக்கல. ஆனா மரச்சட்டம் போட்ட சுவரு, பனி வழுக்கி விழணும்னு செங்குத்தா ஒரு கூரை. அதுக்கு முன்னாடி தமிழ், இந்தி, இங்கிலீஷ்னு மூணு மொழியில எழுதின மஞ்சள் போர்டை நட்டு "ஆண்டிப்பட்டி"ன்னு சொன்னா ஆண்டிப்பட்டிக்காரன் சிரிக்க மாட்டானா? ஆண்டிப்பட்டியில என்னிக்கு பனி விழுந்துச்சு? நம்ம ஊர் ஸ்டேஷனுக்கு வேண்டியது வெயிலுக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரம், மங்களூர் ஓடு, சுண்ணாம்பு அடிச்ச தடிச்ச சுவரு. அந்தக் கிட்டுல அது எதுவும் வராது.

இன்னொரு கூத்து. இங்கிலாந்துல மெட்கால்ஃப்னு ஒரு கம்பெனி இருக்கு. அவங்க கட்டட கிட் எதுல பண்றாங்க தெரியுமா? அச்சடிச்ச அட்டையில! அங்கேருந்து வந்தா அட்டை மாடலாம், எங்க வீட்டு சட்டை டப்பாவுல வெட்டினா ஸ்கூல் ப்ராஜெக்டாம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

நான் கட்டினது அம்மா ஊர்ப் பக்கம் மதுரை-போடி லைன்ல இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன். அது மீட்டர் கேஜ் லைன். அகலப் பாதையா மாத்தறதுக்காக 2010 கடைசியோட வண்டியை நிறுத்தினாங்க. தேனி வரைக்கும் மறுபடி வண்டி ஓட 2022 ஆச்சு, போடிக்கு 2023. லைன் வந்ததுல எனக்கும் சந்தோஷம்தான், அதுல தகராறு இல்ல. ஆனா நான் சின்னப் பையனா பார்த்த அந்தக் கட்டடம் இப்போ அங்க இல்ல. அதுக்கு எந்த நாட்டுக் கம்பெனியும் கிட் போடப் போறதில்ல. வாங்கினாத்தான் மாடல்னு நான் உட்கார்ந்திருந்தா, ஆறங்குல உயரத்துல கூட அது இனிமே எங்கேயும் இருக்காது.

வரைபடமும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு போட்டோ, மாமா கதவுநிலையில சாய்ஞ்சு போஸ் கொடுக்கறது. மாமாவை சுவத்தோரம் நிக்க வெச்சு அளந்தேன், 170 செ.மீ. (எதுக்குடான்னு கேட்டார். சொன்னா கிண்டல் பண்ணுவார்னு சொல்லல.) போட்டோவுல அவர் 34 மி.மீ., கதவு 42. அப்போ கதவு 210 செ.மீ., 87-ஆல வகுத்தா 24 மி.மீ. கதவு கிடைச்சா ஜன்னல் கிடைக்கும், ஜன்னல் கிடைச்சா சுவர் கிடைக்கும். ஆனா மாமா இருக்கற அதே தூரத்துல இருக்கற பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும். இது தெரியாம முன்னால நின்ன தூணையும் இப்படியே அளந்து அரை நாள் வீணாப் போச்சு.

கூரைக்கு கொரியர் பெட்டி அட்டையை நனைச்சு மேல்தாளை உரிச்சா நெளி தெரியும், ஓடு மாதிரியே இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. நம்பாதீங்க. அந்த நெளி ஆறரை மி.மீ. அகலம். 87-ஆல பெருக்கிப் பாருங்க, ஒரு ஓடு 56 செ.மீ.! நிஜ ஓடு 23 செ.மீ. சொச்சம்தான். சின்னச் சின்ன சாமான் வர்ற மெல்லிசான நெளி அட்டைப் பெட்டி இருக்கு பாருங்க, அதுல நெளி மூணரை மி.மீ.க்குள்ள. கண்ணுக்குப் பொருந்திடும்.

சுவரெல்லாம் கல்யாணப் பத்திரிகை. தாழ்வாரத் தூண் ஊதுபத்திக் குச்சி, ஜன்னல் கம்பி கறுப்பு நூல். முதல் சுவருக்கு ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சேன், காய்ஞ்சதும் அப்பளமா வளைஞ்சுடுச்சு. பின்பக்கமும் அடிக்கணும், உள்ளே பட்டை கொடுத்து முட்டு வைக்கணும். பூச்சி அரிக்காம இருக்க மைதா பசையில துளி மயில்துத்தம் கலக்கச் சொன்னது பைண்டிங் கடை அண்ணன். (விஷம், கையை நல்லா கழுவிக்கோங்க.)

தண்டவாளம், இன்ஜின் அட்டையில வராது, ஒத்துக்கறேன். சுவிட்சர்லாந்தோட ரேஷியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான். அந்த மாதிரி லைனுக்கு 12 மி.மீ. தண்டவாளம் விக்கறாங்க, அதை காசு சேர்த்துத்தான் வாங்கணும்.

பி.காம். நண்பர்கள் உடனே ஆப்பர்சூனிட்டி காஸ்ட்னு கிளம்புவீங்க, உன் நேரத்துக்கு விலை போடுடான்னு. மக்கா, புஸ்தகத்தை சரியா படிங்க. கைவிட்டதுல எது சிறந்ததோ அதோட மதிப்புதான் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கைவிட்டது தூக்கம். ரொக்கமா செலவானது 85 ரூபாய்.

ஊருக்குக் கொண்டுபோய் அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் விரலை வெச்சு, "டிக்கெட் ஜன்னல் இந்தப் பக்கம்டா. இங்க ஒரு மண்பானை இருக்கும், டம்ளரை சங்கிலி போட்டு கட்டியிருப்பாங்க"ன்னாங்க.

போட்டோவுல அந்த மூலை விழவே இல்ல. பக்கச் சுவரை மறுபடி வெட்டணும். சித்தி கல்யாணப் பத்திரிகை இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு.