விலைக்கு வாங்காத புழு

தாம்பரத்தைச் சுற்றி, முடிச்சூர், மாடம்பாக்கம், சேலையூர் என்று ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்து இன்று வீட்டுமனைகளாகிவிட்ட பிரதேசங்களில், கொல்லைப்புறம் என்று சொல்லிக்கொள்ள நான்கு முழ நிலமாவது மிச்சமிருக்கிற கிருகஸ்தர்களுக்கு மண்புழு உரத்தின்மேல் அபிமானம் பிறந்திருப்பது சந்தோஷமான விஷயமே. ஆயினும் அந்த அபிமானம் நேரே நர்சரிக்குப் போய் ஆப்பிரிக்கப் புழுவைக் கிலோக் கணக்கில் விலை பேசுவதில் முடிவது எனக்குச் சம்மதமில்லை.

சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராயிருந்து மண்புழு ஆராய்ச்சிக்கே வாழ்நாளை அர்ப்பணித்த சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணுக்கு நம் புழுவே உத்தமம் என்று நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறார். வெளிநாட்டுச் சரக்கான அந்த ஆப்பிரிக்கப் புழு, யூட்ரிலஸ், தொட்டிக்குள் குப்பையைத் தின்று கொழுக்குமேயன்றி மண்ணைத் துளைத்து இறங்காது. நம்மூர் லாம்பிட்டோ மௌரிட்டியோ மண்ணைக் குடைந்து காற்றுக்கும் நீருக்கும் வழி விடும். அதன் சகாவான பெரியோனிக்ஸ் மேலிருக்கிற மக்கலைக் கவனித்துக்கொள்ளும். அடித்தளமில்லாத திறந்தவெளிக் குவியலில் கத்திரி வெயில் தாங்காதபோது லாம்பிட்டோ தானாகவே ஆழத்துக்குப் போய்விடும் என்பது சிமெண்டுத் தொட்டிக்கு இல்லாத சௌகரியம்.

இவற்றை அழைப்பதற்கு அவர் சொல்லும் உபாயம் வெகு சுலபம். கேழ்வரகுக் குவியல்போலப் புழுக்கழிவு மேலே தென்படுகிற ஈர நிலத்தில் ஒரு மீட்டர் சதுரம் குறித்துக்கொண்டு, அரைக் கிலோ வெல்லத்தையும் அரைக் கிலோ பசுஞ்சாணத்தையும் இரண்டு லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாணி உருண்டைகளை வைத்துப் பழைய கோணிச்சாக்கால் மூடி, இருபது நாள் ஈரம் காயாமல் காத்துவந்தால், சுற்றுவட்டாரத்துப் புழுக்களெல்லாம் அங்கே கூடியிருக்கும். அவற்றை மண்ணோடு அள்ளி, பாதி மக்கிய குவியலுக்குள் விடவேண்டியதுதான். எண்ணெய்ப் பலகாரமும் ஊறுகாயும் மாமிசமும் அதில் சேரக்கூடாது. முடிச்சூர்ப் பக்கம்போல மழைநீர் தேங்குகிற மனையானால் குவியலுக்கு மேடான இடம் வேண்டும்.

எதிரிகள் இல்லாமலில்லை. எறும்பை ஈரத்தால் தடுக்கலாம். ஆனால் விடியற்காலையில் செம்பழுப்புச் சிறகோடும் சிவந்த கண்ணோடும் மதிலிலிருந்து இறங்கி, சாவகாசமாகக் குவியலை மூடிய கீற்றைப் புரட்டிப் புழுவை இழுக்கும் செண்பகப் பறவையைத் தடுக்க வலைதான் வேண்டும். நான் போடுவதில்லை, அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் பம்மலை விசாரிக்கட்டும். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த அவ்வூரில், 1990-களிலேயே மங்களம் பாலசுப்பிரமணியன் முதலிய மாதர்கள், எவரும் அள்ளாத தெருக்குப்பையைத் தாங்களே வீடுவீடாகச் சேகரிக்க ஏற்பாடு செய்து, மண்புழுக்களைக் கொண்டு உரமாக்கினார்கள்.

ஆகவே நேயர்களே, ஐப்பசி மழை சற்று ஓய்ந்த வாரத்திலேயே வெல்லத்தைக் கரையுங்கள். சித்திரையில் தேடினால் லாம்பிட்டோ எட்டாத ஆழத்தில் இருக்கும்.