சிஸ்டர் போட்ட ஆடிட்

பி.காம். படிச்சவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான். பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமாச்சு. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிஞ்சு, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம் போச்சு. சர்க்கரை வியாதி மட்டும் இன்னும் கூட்டுக் குடும்பம்தான் சார்!

மாமாவுக்குத் துணையாக பெரம்பலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாலிருந்து வாயைக் கட்டிக்கிட்டு வருகிற ஆசாமிகள்தான் பாதி. மார்ச் 31-க்கு மட்டும் கல்லாவை நிரப்பிக் காட்டுகிற கம்பெனி மாதிரி! ஆனால் ஹெச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் இருக்கே, அது மூணு மாசச் சராசரியைப் போட்டுக் கொடுத்துடும்.

ஒரு பாட்டிக்கு வெறும் வயிற்றில் 118. மூணு மாசக் கணக்கோ 9.6. கூட மருமகள். சிஸ்டர் திட்டவில்லை. "நீங்க போய் சீட்டுப் பதிஞ்சுட்டு வாங்கம்மா" என்று மருமகளை அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"ஆயா, வீட்ல மாத்திரை எவ்வளவு மிச்சமிருக்கு?"

நிறைய இருந்தது. விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே சின்ன வெங்காயம் பறிக்கப் போவாராம். பத்து மணிக்குக் கை நடுக்கம், கண் இருட்டல். அதனால் வேலை நாளில் மாத்திரை கட். வீட்டில் தெரிந்தால் வேலைக்கு விடமாட்டார்கள், கைக்காசு போயிடும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசல் வரை கொண்டு வந்துவிட்டது, நல்ல காரியம். வாசலிலிருந்து வாய்க்குப் போச்சா என்பதை யாராவது கேட்டால்தானே தெரியும்!

கேட்காமல் விட்டிருந்தால்? 9.6-ஐப் பார்த்து டாக்டர் டோஸைக் கூட்டியிருப்பார். பயந்துபோய் பாட்டி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால், வெங்காயக் காட்டிலேயே சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருப்பார். பக்கத்தில் சர்க்கரைத் தண்ணி கொடுக்க ஆள் இருந்தால் சரி.

மருந்தை மாற்றும் அதிகாரம் சிஸ்டருக்குக் கிடையாது. எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னார். அவர் மாத்திரையை மாற்றி, சாப்பாட்டோடு போடும்படி எழுதினார்.

மருமகள் வந்து, "என்ன சிஸ்டர் சொன்னாங்க?" என்றார்.

"காலையில சாப்பிடாம வெளிய அனுப்பாதீங்கம்மா. தூக்குச்சட்டியில கூழாவது கொடுத்து விடுங்க."

அவ்வளவுதான். பாட்டி சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டார்.